நன்னியின் நாற்பது

ஜமாதுல் அவ்வல், பிறை 24
எங்கள் பாட்டி, நன்னி, மவுத்தாகி இன்றோடு 32 நாள். இறந்த நாற்பதாம் நாள் ஓதிச் சோறு போடும் பாத்திஹாவுக்கு யார் யாருக்குச் சொல்வது என்று அத்தா பேச்செடுத்ததும் தம்பி தட்டைத் தள்ளி வைத்தான். "நபி சொன்ன ஹதீஸ்ல இது எங்க இருக்கு அத்தா? பக்கத்து வீட்ல பதினாறாம் நாள் கருமாதி, நமக்கு நாப்பது. பேருதானே வேற?" அத்தா எழுந்து போய்விட்டார். தம்பி ஐவேளையும் தவறாதவன். மார்க்கத்தின் மேலுள்ள பற்றில்தான் கேட்கிறான். இருந்தாலும் நன்னி படுத்திருந்த கட்டில் பக்கம் பார்க்க முடியவில்லை எனக்கு.

பிறை 27
மஃரிபுக்கு, அந்தித் தொழுகை நேரத்துக்கு, மழை விட்டிருந்தது. பள்ளிவாசல் படியோரம் நாலு பெண்கள், இடுப்பில் பிள்ளை, கையில் தண்ணீர்ச் செம்பு. மூன்று பிள்ளைகள் நெற்றியில் திருநீறு. எனக்கு நினைவு தெரிந்த நாளாக இப்படித்தான். தொழுது வருகிறவர்கள் ஓதி ஊதிவிட்டுப் போவார்கள். தம்பியும் வந்தான். ஒரு பிள்ளை காய்ச்சலில் துவண்டு தாயின் தோளில் கிடந்தது. செருப்பை மாட்டாமலே நின்று, குர்ஆனின் முதல் அத்தியாயமான அல்ஹம்து சூராவை முழுக்க ஓதி, அதன் உச்சந்தலையில் ஊதினான். கேட்டால், விஷக்கடிக்கு அந்த சூராவை ஓதிப் பார்த்த சஹாபியின், நபித்தோழரின், செய்தி புகாரி ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது என்பான். இருக்கிறதுதான். ஊர் வழக்கம் எல்லாமே மார்க்கத்துக்கு வெளியே முளைத்ததில்லை என்று நான் சொல்வதும் அதைத்தான்.

ஜமாதுல் ஆகிர், பிறை 1
நாகூர் தர்காவில் கந்தூரி விழாவுக்குக் கொடி ஏறிவிட்டது. தஞ்சை மராத்திய மன்னர் பிரதாப் சிங் கட்டிக்கொடுத்த 131 அடிப் பெரிய மினாரா பஸ்ஸிலிருந்து தெரிந்ததுமே நன்னி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஸலவாத் சொல்லும். பத்தாம் இரவு சந்தனக்கூடு ஊர்வலம் பார்க்காமல் திரும்பியதில்லை. இந்த வருஷம் எங்கள் வீட்டிலிருந்து யாரும் போகவில்லை.

பிறை 2
நாற்பதாம் நாள். காலையில் பள்ளிவாசல் ஹஜ்ரத் வந்து யாசீன் சூரா ஓதினார். சாம்பிராணி, வாழைப்பழம், நெய்ச்சோறு. மவுத்தானவருக்கென்று மூலையில் தனியாகச் சோறு வைத்து மூடும் பழக்கத்தை மட்டும் நான் விட்டுவிட்டேன். அதில் தம்பி சொன்னது நியாயம். பசித்தவருக்குப் போட்டால்தான் நன்மை நன்னிக்குப் போய்ச் சேரும். பக்கத்து வீட்டு அத்தை நேரத்தோடு வந்து வெங்காயம் உரித்துத் தந்தது. நாலு நாலு பேராக சஹனை, சேர்ந்து சாப்பிடும் பெரிய தட்டை, சுற்றி உட்கார்ந்தோம்.

தம்பி பாத்திஹாவில் உட்காரவில்லை. விடியற்காலை ஃபஜ்ர் தொழுத கையோடு அடக்கஸ்தலமான மையவாடிக்குப் போய் நன்னிக்கு துஆ செய்துவிட்டு வந்திருக்கிறான்; காலெல்லாம் சேறு. ஓதிய சோற்றை அவன் தொடமாட்டான். ராத்திரி அவனுக்குத் தோசை ஊற்ற மாவு எடுத்து வைத்திருக்கிறேன்.