சிபிஎல் தியரி: கொஷ்டியன் பேங்கை எப்போது திறப்பது

கமர்ஷியல் பைலட் லைசென்ஸுக்காக (சிபிஎல்) விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ நடத்தும் தியரி தேர்வுக்குத் தேதி குறித்ததும், முதலில் கைக்கு வருவது கேள்வி-விடைத் தொகுப்பான கொஷ்டியன் பேங்க்தான். கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு, 70 சதவீதம் எடுத்தால் பாஸ், தப்பு விடைக்கு மைனஸ் கிடையாது. மனப்பாடமே போதும் என்று தோன்றத்தான் செய்யும். நேவிகேஷனில் அது எங்கே காலை வாரும் என்று பாருங்கள்.

பாயிண்ட் ஆஃப் நோ ரிட்டர்ன் கணக்கு, அதாவது இருக்கும் எரிபொருளில் புறப்பட்ட இடத்துக்கே திரும்ப முடிகிற கடைசிப் புள்ளி. போகும்போது கிரவுண்ட் ஸ்பீட் (தரையைப் பொறுத்த வேகம்) 120 நாட், திரும்பும்போது 180, எண்டூரன்ஸ் (எரிபொருள் தாங்கும் நேரம்) 5 மணி. எண்டூரன்ஸைத் திரும்பும் வேகத்தால் பெருக்கி, இரண்டு வேகங்களின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும்: 5 × 180 ÷ 300 = 3 மணி, தூரம் 360 நாட்டிக்கல் மைல். சரிபார்ப்பது சுலபம். 360 மைல் திரும்ப 2 மணி, மொத்தம் 5. சூத்திரம் மட்டும் தெரிந்தவர் மேலே 120ஐப் போட்டால் 240 மைல் வரும். பெரும்பாலும் அதுவும் ஒரு ஆப்ஷனாக உட்கார்ந்திருக்கும். எண்டூரன்ஸில் 45 நிமிட ரிசர்வும் அடங்கும் என்று கேள்வி ஒரு வார்த்தை மாறினால், முதலில் அதைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

கிரிட்டிகல் பாயிண்டில், அதாவது முன்னே போகவும் பின்னே திரும்பவும் ஒரே நேரம் ஆகும் புள்ளியில், எண்டூரன்ஸுக்கு வேலையே இல்லை. அதே வேகங்கள், தூரம் 500 என்றால் 500 × 180 ÷ 300 = 300 மைல். அங்கிருந்து எந்தப் பக்கம் போனாலும் 1 மணி 40 நிமிடம்தான். எஞ்சின் ஃபெயிலியர் என்று கேட்டால் புள்ளியைக் கண்டுபிடிக்க, ஒரு எஞ்சின் நின்றபின் கிடைக்கும் குறைந்த வேகம். அந்தப் புள்ளியை அடையும் நேரத்துக்கோ, எல்லா எஞ்சினும் ஓடும் வேகம். நன்றாகப் படித்தவர்களும் இங்கே சறுக்குவார்கள்.

காற்று, வேகக் கணக்குகளுக்கான கைக்கருவியான ஃப்ளைட் கம்ப்யூட்டர் பற்றிய வீடியோ பார்ப்பவர்கள் அது எந்த மாடலுக்கானது என்று கவனியுங்கள். இ6பி-யில் ஸ்லைடை நகர்த்தி வேலை செய்கிறோம். சிஆர்-3-ல் காற்றை ஹெட்விண்ட், கிராஸ்விண்ட் எனப் பிரிக்கிறோம். சிஆர்-3-ல் கிராப் ஆங்கிள் (காற்றை ஈடுகட்ட விமானத்தின் மூக்கைத் திருப்பும் கோணம்) 10 டிகிரியை எட்டினால் எஃபெக்டிவ் டிஏஎஸ் திருத்தமும் உண்டு (டிஏஎஸ் என்பது ட்ரூ ஏர்ஸ்பீட், காற்றைப் பொறுத்த வேகம்). அதை விட்டால் கிரவுண்ட் ஸ்பீட் கூடுதலாகக் காட்டும்.

மெட்டியராலஜிக்கு வெளிநாட்டுப் புத்தகம் மட்டும் போதாது. வடஇந்தியாவுக்குக் குளிர்கால மழை தரும் மேற்கத்திய இடையூறுகள், வங்கத்தின் கோடை இடிமழையான கால்பைசாகி, ஜூன் 1 வாக்கில் கேரளாவில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழை, நம் பக்கத்து வடகிழக்குப் பருவமழை எல்லாம் அவற்றில் ஓரிரு வரிதான். இதற்கு இந்தியாவில் எழுதப்பட்ட புத்தகமே வேண்டும். கூடவே தினம் ஒரு மெட்டார் (விமான நிலைய வானிலை அறிக்கை) படியுங்கள். சென்னையின் குறியீடு விஓஎம்எம். நேரம் யூடிசி (உலகப் பொது நேரம்), 5.30 மணி கூட்டினால் நம் நேரம். மெட்டாரில் காற்றின் திசை ட்ரூ (புவியியல் வடக்கிலிருந்து), டவர் சொல்வது மேக்னடிக் (காந்த வடக்கிலிருந்து). இந்த வேறுபாடு கேள்வியாகவும் வரும்.

ரெகுலேஷன்ஸில் பழைய நோட்ஸ் ஆபத்து. 1934-ன் விமானச் சட்டத்தின் இடத்தில் 2025 ஜனவரி 1 முதல் பாரதிய வாயுயான் அதினியம் நடைமுறையில் இருக்கிறது. பணிநேர விதிகளில் 36 மணி நேரமாக இருந்த வாராந்திர ஓய்வு இப்போது 48. விமானத் தகவல் வெளியீடான ஏஐபி-யும், டிஜிசிஏ விதித் தொகுப்பான சிஏஆர்-களும் இணையத்தில் இலவசம். சிஏஆரில் பைலட் லைசென்ஸ் விவரம் செக்‌ஷன் 7-ல்.

டெக்னிகல் ஜெனரலுக்கு அமெரிக்க விமானத் துறை அமைப்பான எஃப்ஏஏ-யின் இலவச பைலட் கையேடு அருமை. ஏரோடைனமிக்ஸ், பிஸ்டன் எஞ்சின், கருவிகள் வரை அதை நம்பலாம். ஏர்ஸ்பேஸ், ரூல்ஸ் அத்தியாயங்களைத் தாண்டிவிடுங்கள். அங்கே ஆல்டிமீட்டர் அழுத்தம் மெர்க்குரி அங்குலத்தில், டிரான்சிஷன் ஆல்டிடியூட் (ஆல்டிமீட்டரைப் பொதுவான அழுத்தத்துக்கு மாற்றும் உயரம்) நாடு முழுக்க 18,000 அடி; நம் நாட்டில் அப்படி இல்லை.

இவ்வளவும் ஒரு சுற்று முடிந்தபின் கொஷ்டியன் பேங்க். தப்பான ஒவ்வொரு விடையின் பக்கத்திலும் காரணம் எழுதுங்கள்: கருத்து புரியவில்லையா, கேள்வியைச் சரியாகப் படிக்கவில்லையா, கணக்குப் பிசகா. கருத்துப் பிழை என்றால் அந்த அத்தியாயத்துக்கே திரும்பிப் போகவேண்டும். பிசகு என்றால் ஸ்டாப்வாட்சோடு இன்னும் பத்துக் கணக்கு.