கூந்தன்குளத்து வெள்ளைச் சிறகில் பழைய 200 மி.மீ. லென்ஸ்

பழைய டெலி லென்ஸைச் சோதிக்கப் பலரும் செங்கல் சுவரைத்தான் படம் பிடிக்கிறார்கள். அந்த லென்ஸ்களின் பெரிய குறை, வெள்ளை ஓரங்களில் படியும் ஊதாக் கரை, சுவரில் அவ்வளவாகத் தெரியாது. நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளத்தில், வெயிலில் மினுங்கும் தண்ணீருக்கு முன்னால் நிற்கும் சங்குவளை நாரையின் வெள்ளைக் கழுத்து அதைச் சட்டென்று காட்டிவிடும். பறவைகள் தெருவோர மரங்களிலேயே கூடு கட்டும் ஊர் என்பதால் 200 மி.மீ. போதும்.

எம்42 திருகு மவுண்டில் வந்த பென்டகான் 200 எஃப்/4, டாகுமார் 200 எஃப்/4 போன்றவற்றை அடாப்டர் என்ற இணைப்பு வளையத்தை வைத்து மிரர்லெஸ் கேமராவில் மாட்டுவது எளிது. நிக்கான் டிஎஸ்எல்ஆரில் மாட்டினால், நடுவில் திருத்தக் கண்ணாடி இல்லாத அடாப்டரில் தூரத்துக் காட்சி ஃபோக்கஸ் ஆகாது. எம்42 லென்ஸ் சென்சாரிலிருந்து 45.46 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும். நிக்கானில் மவுண்டே 46.5 மி.மீ. தள்ளி இருக்கிறது. கண்ணாடி வைத்த அடாப்டர் தெளிவைக் கெடுக்கும், வேண்டாம்.

பழைய லென்ஸைக் கேமரா அடையாளம் காணாது, அதனால் 'லென்ஸ் இல்லாமல் ஷட்டர்' என்பதை இயக்குங்கள். சென்சார் நடுக்கத்தடுப்பு இருந்தால் ஃபோக்கல் நீளம் 200 என்றே கொடுங்கள். சிறிய (கிராப்) சென்சார் என்று 1.5-ஆல் பெருக்கி 300 போட்டால் படம் குழம்பும். முடிவிலிக் குறியையும் நம்பக்கூடாது. பல அடாப்டர்கள் ஒரு மயிரிழை மெலிதாக இருப்பதால், வளையத்தைக் கடைசிவரை திருப்பினால் ஃபோக்கஸ் தாண்டிப் போய்விடும். லென்ஸ் மங்கல் என்று விற்றுவிடுகிறவர்களில் பலருக்கு நடப்பது இதுதான். திரையில் 10 மடங்கு பெரிதாக்கிக் கண்ணில் ஃபோக்கஸ் வையுங்கள்.

புது லென்ஸோடு ஒப்பிடும்போது ட்ரைபாட், 2 விநாடி டைமர், நடுக்கத்தடுப்பு அணைத்து, ரா கோப்பு. புது லென்ஸுக்குக் கேமரா தானாகச் செய்யும் திருத்தங்களையும் அணைத்தால்தான் நியாயம். வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும். கரை சூடேறிக் கானல் அலையத் தொடங்கினால் எந்த லென்ஸும் தோற்கும்.

துளையை எஃப்/8-க்குக் குறுக்கினால், படத்தின் நடுப்பகுதியை வைத்துப் பழையதையும் புதியதையும் பிரித்தறிவது கடினம். எஃப்/4-க்குத் திறந்தால்தான் பழையது மாட்டிக்கொள்ளும்: ஃபோக்கஸ் தளத்துக்கு முன்னால் ஊதாக் கரை, பின்னால் பச்சைக் கரை. நிறங்கள் பிரிவதைக் குறைக்கும் சிறப்புக் கண்ணாடி அந்த லென்ஸ்களில் இல்லை. மென்பொருளில் ஊதாவை நீக்கும்போது நிற எல்லையைக் குறுக்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் நாரையின் ரோஜா நிற இறகும் வெளுத்துவிடும். அந்த ரோஜா போன பிறகு அந்தப் படத்தில் என்ன இருக்கிறது?

எதிர்வெயிலில் பழையது இன்னும் சோர்ந்துபோகும். சென்சாரில் பட்ட ஒளி பின்கண்ணாடிக்குத் திரும்பிப் படம் முழுக்க வெண்திரை விரிக்கும். நீளமான ஹூட் கட்டாயம். மலிவு அடாப்டரின் உட்புறம் பளபளப்பாக இருந்தால் கறுப்பு வெல்வெட் ஒட்டுங்கள், நன்றாகவே வித்தியாசம் தெரியும்.

பறக்கும் பறவைக்கு 55-250 மி.மீ. ஜூம் போன்ற சாதாரணப் புது லென்ஸே மேல். பழையதை வைத்துக்கொண்டு துரத்த வேண்டாம். கூட்டுக் கிளையில் முன்கூட்டியே ஃபோக்கஸ் வைத்து, 1/1000 ஷட்டரில், இரை கொண்டுவரும் தாய்ப்பறவை வந்து இறங்கும்வரை காத்திருங்கள்.

வாங்கும்போது பின்பக்கமிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரித் தெரிந்தால் பூஞ்சை. ஐப்பசி மழை ஈரத்தில் அது வளரும், எடுக்காதீர்கள்.