‘எர்லி’க்குக் கோட் கிடையாது

நான் மெடிக்கல் கோடர்: நோயாளியின் சார்ட்டில் (மருத்துவக் குறிப்பில்) டாக்டர் எழுதியதைப் படித்து, இன்சூரன்ஸ் கிளைமுக்காக நோய்க்கும் சிகிச்சைக்கும் எண் போடுவது என் வேலை. தோல் பிரிவு சார்ட்டுகளுக்கு என்னை மாற்றியபோது உள்ளூர ஒரு நிம்மதி. இதயம், முதுகெலும்பு என்று பல பக்க ஆபரேஷன் குறிப்புகளோடு மல்லுக்கட்டியவளுக்கு, ‘முகத்தில் சின்னக் கட்டி, வெட்டினோம், தைத்தோம்’ என்று அரைப் பக்கத்தில் முடியும் குறிப்பு விடுமுறை மாதிரி தெரிந்தது. மூன்றாவது வாரமே, ஒரே சார்ட்டில் இரண்டு தப்பு என்று ஆடிட்டிலிருந்து திரும்பி வந்தது.

மருத்துவர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: இடது கன்னத்தில் எர்லி ஸ்குவாமஸ் செல் கார்சினோமா (ஒரு வகைத் தோல் புற்று), 0.8 செ.மீ.; மார்ஜினோடு (சுற்றியுள்ள கொஞ்சம் நல்ல தோலோடு) வெட்டி எடுக்கப்பட்டது; அடுக்கடுக்காகத் தையல், நீளம் 3.8 செ.மீ. அமெரிக்க சார்ட் என்பதால் நோய்க்கு ஐ.சி.டி.-10-சி.எம்., செய்த வேலைக்கு சி.பி.டி. என்று இரண்டு எண் பட்டியல்கள். நோய்க்கு நான் சி44.329 போட்டேன். மூக்காக இருந்தால் சி44.321. இமை, காது, உதடு எல்லாவற்றுக்கும் தனித்தனி எண் உண்டு. கன்னத்துக்கு இல்லை. அது ‘முகத்தின் பிற பகுதிகள்’ என்ற கூட்டத்தில் ஒண்டிக்கொள்ள வேண்டியதுதான். இடத்தைச் சரியாகப் பிடித்துவிட்டோம் என்ற திருப்தியில் அடுத்த சார்ட்டைத் திறந்துவிட்டேன்.

வெட்டிய திசுவைச் சோதித்த பேத்தாலஜி ரிப்போர்ட்டில் ‘ஸ்குவாமஸ் செல் கார்சினோமா’ வரைக்கும் படித்து, மருத்துவர் சொன்னதோடு ஒத்துப்போகிறது என்று மூடியிருந்தேன். அதே வரியின் கடைசியில் ‘இன் சிட்டு’ என்று இருந்தது. செல்கள் மேல்தோலுக்குள்ளேயே இருக்கின்றன, அடித்தளச் சவ்வைத் தாண்டவில்லை என்று அர்த்தம். அதற்கு எண் சி-யில் இல்லை, டி-யில்: டி04.39. இதன் இன்னொரு பெயரான போவன் நோய் என்று எழுதியிருந்தாலும் அங்கேதான் போகும்.

இங்கேதான் ‘எர்லி’ என்ற சொல் என்னைக் கவிழ்த்தது. நோயாளியிடம் பேச அது நல்ல சொல். ‘ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டோம்’ என்று கேட்டால் யாருக்கும் பாதி பயம் போய்விடும். ஆனால் ஐ.சி.டி.யில் ஸ்டேஜுக்கு இடமே இல்லை. தலை, கழுத்துப் பகுதியில் 2 செ.மீ.க்குக் குறைவான கட்டி, ஸ்டேஜ் கணக்கில் T1. அதே கன்னத்தில் 4 செ.மீ. தாண்டினால் T3. ஊடுருவிய புற்று என்றால் இரண்டுக்கும் அதே சி44.329தான். ஊடுருவியதா இல்லையா என்ற ஒரு கேள்வியைத்தான் அந்தப் புத்தகம் கேட்கிறது. ‘எர்லி’ அதற்குப் பதில் சொல்வதில்லை. சிறிய T1 கட்டியையும் எர்லி என்பார்கள், இன் சிட்டுவையும் எர்லி என்பார்கள்.

டீம் லீடிடம் போனேன். “மேடம், ரிப்போர்ட்ல தெளிவாத்தானே இருக்கு, நானே டி04.39-ன்னு மாத்திடட்டுமா?”

“டாக்டர் ஒண்ணு சொல்றார், பேத்தாலஜிஸ்ட் ஒண்ணு சொல்றார். நடுவுல தீர்ப்பு சொல்ல நீ யாரும்மா? டாக்டருக்கே எழுதிக் கேளு, க்வெரி போடு.”

போட்டேன். ‘இது இன் சிட்டு என்று உறுதிப்படுத்த முடியுமா?’ என்று எழுதினேன். அதுவும் திரும்பி வந்தது. பதிலை நாமே வாயில் வைத்துக் கேட்கக் கூடாதாம். மருத்துவக் குறிப்பில் இருப்பதையும் ரிப்போர்ட்டில் இருப்பதையும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் எடுத்துக் காட்டி, ஊடுருவியது, இன் சிட்டு, வேறு, தீர்மானிக்க இயலவில்லை என்று எல்லா வழியையும் திறந்து வைத்து மறுபடி எழுதினேன். பணத்தைப் பற்றி ஒரு சொல்லும் வரக் கூடாது. அந்த ஒரு பத்தி எழுத எனக்கு ஒரு மணி நேரம் ஆனது. வெட்கமாகத்தான் இருந்தது.

இரண்டாவது தப்பு இன்னும் வேடிக்கை. முகத்தில் புற்றுக்கட்டியை வெட்டி எடுப்பதற்கு சி.பி.டி.யில் 11640-இலிருந்து வரிசை. அளவுதான் எண்ணைத் தீர்மானிக்கும். 0.6 முதல் 1.0 செ.மீ. வரை 11641, 1.1 முதல் 2.0 வரை 11642. கட்டியின் அதிகபட்ச அகலத்தோடு இரு பக்க மார்ஜினையும் கூட்ட வேண்டும், அதுவும் வெட்டுவதற்கு முன் அளந்ததாக இருக்க வேண்டும். குறிப்பில் ‘மார்ஜினோடு’ என்று இருந்ததே தவிர எத்தனை மில்லிமீட்டர் என்று இல்லை. நான் புத்திசாலித்தனமாக ரிப்போர்ட்டில் இருந்த 1.3 செ.மீ.யை எடுத்து 11642 போட்டுவிட்டேன். வெட்டி எடுத்த தோல் சுருங்கிவிடும், ஃபார்மலினில் இன்னும் சுருங்கும். அந்த அளவை நம்பிக் கோட் போடுவது தப்பு. மார்ஜின் பதிவாகாதவரை கைவசம் இருப்பது 0.8 மட்டும்தான், ஆகவே 11641.

அதையும் க்வெரியில் சேர்த்தேன். நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. நோய்: இன் சிட்டு. மார்ஜின்: பக்கத்துக்கு 4 மி.மீ. ஆபரேஷனுக்கு முன் ஸ்கேல் வைத்து எடுத்த படமும், தோலில் மார்க்கரால் போட்ட வட்டமும் ஃபைலில் இருந்ததால் டாக்டரால் அடெண்டம் (குறிப்போடு பின்னால் சேர்க்கும் திருத்தம்) எழுத முடிந்தது. படம் இல்லாமல் நினைவிலிருந்து எழுதியிருந்தால் எங்கள் ஆடிட்டர் விட்டிருக்க மாட்டார். 0.8 உடன் இரண்டு 0.4 சேர்ந்து 1.6. மறுபடி 11642! நான் முதலில் போட்ட அதே எண். தப்பை எடுத்துவிடுவீர்களா என்று ஆடிட்டரைக் கேட்டேன். ‘கணக்கில் விடை சரி, வழி தப்பு’ என்று பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

தையலில் சிக்கல் இல்லை. வெறும் ஒற்றை அடுக்குத் தையல் வெட்டும் வேலைக்குள்ளேயே அடங்கிவிடும். அடுக்கடுக்காகத் தைத்து நீளமும் எழுதியிருந்ததால் 12052 தனியாகக் கிடைத்தது. கிளைம் போனது, பணம் வந்தது.

ஆறு மாதம் கழித்து அதே நோயாளியின் சார்ட் தற்செயலாக என் வரிசைக்கே வந்தது. கன்னம் ஆறிவிட்டது, புதிதாக ஒன்றும் இல்லை. இன் சிட்டு குணமானவர் என்பதால் முன்வரலாற்றுக்கு இசட்86.007 வர வேண்டும். ஊடுருவிய புற்றாக இருந்திருந்தால்தான் இசட்85.828. குறிப்பின் முதல் வரியைப் பார்த்தேன். பழைய குறிப்பிலிருந்து அப்படியே காப்பி ஆகி வந்திருந்தது: ‘எர்லி ஸ்குவாமஸ் செல் கார்சினோமா.’ நல்லவேளை, பழைய க்வெரியை நான் அழிக்காமல் வைத்திருந்தேன்.