அதுவும் நடிப்பு என்று நினைத்தார்கள்

நூறு வருடத்துக்கு முந்தைய ஆங்கில மேடைப் பாடகி மேரி லாய்டின் பழைய இசைத்தட்டுப் பாட்டு ஒன்றை இன்று சமைத்துக்கொண்டே யூடியூபில் ஓடவிட்டேன். கரகரவென்று ஒரே இரைச்சல். அதற்குள்ளிருந்து ஒரு லண்டன் குரல். அவர் கண்ணடிப்பது காதிலேயே கேட்கிறது!

லண்டன் ஹாக்ஸ்டனில் ஏழை வீட்டு மூத்த பெண். 1885இல், பதினைந்து வயதில் மேடை ஏறியவர். பாட்டின் வரிகள் பெரும்பாலும் சாதுவானவைதான். விவகாரமெல்லாம் புருவத்தில் இருந்தது.

பெரிய சம்பளம் வாங்கிய நட்சத்திரம். ஆனாலும் 1907இல் மியூசிக் ஹால் (பாட்டும் நகைச்சுவையும் கலந்த ஜனரஞ்சக மேடை) கலைஞர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, சிறிய கலைஞர்களுக்காக மறியலில் போய் நின்றார்.

1912இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் முன்னால் மியூசிக் ஹால் கலைஞர்கள் பாடிய நிகழ்ச்சியில் அவருக்கு இடமில்லை. சரி, புருவத்துக்குப் பயந்திருப்பார்கள்.

1922 அக்டோபர். வடக்கு லண்டனில் எட்மன்டன் எம்பயர் அரங்கு.

குடித்துவிட்டுத் தள்ளாடும் பெண்ணாக நடித்துப் பாடினார். உண்மையிலேயே உடம்புக்கு முடியவில்லை. நிற்க முடியாமல் தடுமாறினார், விழுந்தார்.

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

சில நாளில் இறந்துபோனார். வயது 52. இறுதி ஊர்வலத்துக்குப் பல்லாயிரம் பேர் திரண்டார்கள். அன்று எட்மன்டனில் சிரித்தவர்களும் அதில் இருந்திருப்பார்கள்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தன் ஒவ்வோர் அசைவுக்கும் சிரிக்க அவர்களைப் பழக்கியவரே அவர்தான். கணவர்கள் அடித்த கதை நீதிமன்றம் வரை போன காலத்திலும், மேடை ஏறிச் சிரிக்கவைப்பதை அவர் விடவில்லை.