தொட்டித் தண்ணீரைக் கேட்டவர்

"பச்சையா இருக்கே, உரம்தானே தம்பி? சும்மா கொட்டறதுக்கு எங்க காட்டுக்கு விடுங்க" என்றார் பக்கத்துக் காட்டுக்காரர், எங்கள் ஸ்பைருலினாப் பண்ணையின் தொட்டித் தண்ணீரைக் காட்டி. ஸ்பைருலினா என்பது சத்துணவாகச் சாப்பிடும் ஒரு பாசி. அவர் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி, போட்டிருந்தார். வாழப்பாடிப் பக்கம் அந்தக் கோடையில் யார் கிணற்றிலும் தண்ணீர் இல்லை. நான் மறுத்துவிட்டேன்.

மறுத்தது சரிதான். ஸ்பைருலினா நன்றாக வளர, தண்ணீரின் காரத்தைக் காட்டும் பி.எச். ஒன்பதுக்கு மேல் இருக்க வேண்டும், அதற்குத்தான் ஆப்பசோடா. இந்தப் பாசி வளர்க்கப் பயன்படும் ஜரூக் கலவைப்படி லிட்டருக்கு 16.8 கிராம், 10,000 லிட்டர் தொட்டிக்கு 168 கிலோ. அதைக் காட்டில் விட்டால் சோடியம் ஏறி மண் இறுகும், அப்புறம் மழைத் தண்ணீரே இறங்காது. எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்போ நீங்க எங்க விடுவீங்க?"

"விடறதில்லைங்கண்ணா. பாசிய வடிகட்டிட்டு திரும்பத் தொட்டிக்கே…"

"எப்பவுமேவா?"

உப்பு ஏறிப்போனாலோ வேறு பாசி கலந்தாலோ மாற்றித்தான் ஆக வேண்டும். ஷீட் விரித்த குழியில் விட்டுக் காயவைக்கிறோம் என்றேன். "சேகோ மில்லுக்காரங்களும் குழிதான் காட்டுனாங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அந்த ஒப்பீடு நியாயமே இல்லை. ஜவ்வரிசி ஆலைக் கழிவு எங்கே, எங்கள் நாலு தொட்டி எங்கே! பாசிக்கு நல்ல நிலம் வேண்டாம், பூச்சிமருந்து வேண்டாம். ஒரு கிலோ காய்ந்த பாசி வளர ஏறத்தாழ 1.8 கிலோ கரியமில வாயுவை எடுத்துக்கொள்கிறது என்று பார்க்க வருபவர்களிடம் நானே சொல்வேன். கணக்கு பொய்யில்லை. ஆனால் எங்கள் தொட்டியில் அந்தக் கார்பனில் பெரும்பங்கு சோடா மூட்டையிலிருந்து வருகிறது. அந்த சோடா எங்கோ ஒரு தொழிற்சாலையில் கரியும் மின்சாரமும் செலவழித்துத் தயாரானது. இதை யாரும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை.

அவர் உரம் கேட்டதாக எடுத்துக்கொண்டுதான் பதில் சொன்னேன். தண்ணீரைத்தான் கேட்டாரோ என்று இப்போது தோன்றுகிறது. திறந்த தொட்டியில் ஒரு சதுர மீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் வற்றினால் ஒரு லிட்டர் போச்சு. கோடையில் தினமும் போர் மோட்டார் ஓட்டித் தொட்டி மட்டத்தை ஏற்றுகிறோம். குழியிலும் வேண்டுமென்றே காயவிடுகிறோம். இரண்டு காட்டுக்கும் அடியில் இருப்பது ஒரே பாறைத் தண்ணீர்தான்.

இருந்தாலும் அந்தத் தண்ணீரைக் கொடுத்திருக்க முடியாது. பயிர் கருகினால் யார் பதில் சொல்வது? பாசி கழுவும் தண்ணீரையாவது தனியாகப் பிரித்து, பரிசோதித்துக் கொடுக்கலாமா என்று முதலாளியிடம் கேட்டேன். "ஒருதரம் குடுத்தா உரிமையாயிடும்பா" என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை என்றுதான் அப்போது பட்டது.