அப்பாவின் டிவிக்குப் பழைய கம்ப்யூட்டர் ஸ்பீக்கர்

ஜூன் 7, 2025, சனி

"பாட்டு கேக்குது, சண்டை கேக்குது, பேசறது மட்டும் புரியல." செய்தி முடிந்ததும் அப்பா ரிமோட்டைச் சோபாவில் போட்டுவிட்டுச் சொன்னார். தீபாவளிக்கு இந்த 43 அங்குல டிவி வந்ததிலிருந்தே இதே புகார்தான். சத்தத்தை ஏற்றிக்கொண்டே போகிறார். சமையலறையில் இருக்கும் அம்மாவுக்கு வசனம் முழுக்க மனப்பாடம். எதிரில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் பாதி போய்விடுகிறது.

காதைப் போன வருடமே காட்டியாயிற்று. வயதுக்கு உரிய குறைதான், மெஷின் இப்போதைக்கு வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். எனக்குச் சந்தேகம் டிவி மேல். எங்கள் பழைய குண்டு டிவிக்குத் திரையின் இரு பக்கமும் ஸ்பீக்கர், நேராக நம் முகத்தைப் பார்த்து. இந்த ஒல்லி டிவியில் அதற்கு ஏது இடம்? குனிந்து பார்த்தால் அடிப்பக்கம் சின்னச் சின்ன ஓட்டைகள். சத்தம் கீழே இறங்கி, டிவி ஸ்டாண்டில் பட்டு, அப்புறம்தான் நம்மிடம் வருகிறது.

தங்கை வீட்டு மாப்பிள்ளை போனில், "சவுண்ட்பார் வாங்கிடுங்க மச்சான், ஒரே வேலையா முடிஞ்சிடும்" என்றார். வாங்கலாம். ஆனால் பரணில் என் கல்லூரிக் காலத்து 2.1 கம்ப்யூட்டர் ஸ்பீக்கர் தூங்குகிறது. முதலில் அது.

ஜூன் 8, ஞாயிறு

காலையில் பரண் ஏறினேன். ஊஃபர் பெட்டி ஒன்று, சின்ன ஸ்பீக்கர் இரண்டு. அட்டைப்பெட்டியின் முகப்பில் கொட்டை எழுத்தில் '1200 வாட் பிஎம்பிஓ', அதாவது கண நேர உச்சம் என்று சொல்லிக்கொள்ளும் எண். ஊஃபரின் பின்னால் ஒட்டிய தகட்டில் அது இழுக்கும் மின்சாரம் 40 வாட் என்று இருக்கிறது. 40 வாட் உள்ளே போய் 1200 வெளியே வருமென்றால் மின்வாரியமே தேவையில்லை. அந்தக் காலத்து விளம்பரக் கணக்கு அது. ஸ்பீக்கர் வாங்கும்போது ஆர்எம்எஸ் என்று போட்டிருக்கும் எண்ணைத்தான், அதாவது தொடர்ந்து தரக்கூடிய சக்தியைத்தான், பார்க்க வேண்டும். இதில் மூன்றும் சேர்த்து 20 வாட் வந்தால் அதிகம். எங்கள் ஹாலுக்கு அது தாராளம்.

துடைத்துவிட்டு, போனில் சொருகிப் பார்த்தேன். பாடுகிறது. வால்யூம் திருகைத் திருப்பும்போது மட்டும் கரகரவென்று ஒரு சத்தம். உள்ளே தூசி. கான்டாக்ட் கிளீனர் இரண்டு சொட்டு விட்டு, திருகை முன்னும் பின்னும் பலமுறை திருப்பியதும் அடங்கியது.

அடுத்து டிவியின் முதுகு. டார்ச் அடித்துப் பார்த்தால் மூன்று எச்டிஎம்ஐ, அதில் ஒன்றில் 'ஏஆர்சி' (டிவியின் ஒலி திரும்பி வெளியே வரும் வழி) என்று இருக்கிறது, இரண்டு யுஎஸ்பி, இன்டர்நெட் ஒயருக்கு ஒன்று, ஆன்டெனாவுக்கு ஒன்று, 'ஏவி இன்' என்று ஒரு வட்டத் துளை, அதன் பக்கத்தில் மூடிபோட்ட சதுரத் துளை. ஹெட்போன் துளை இல்லை.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். அந்த 'ஏவி இன்' துளையும் அதே 3.5 மில்லிமீட்டர் அளவுதான். ஸ்பீக்கரின் பச்சை பின் அதில் சிக்கென்று உட்காரும். சத்தம் மட்டும் வராது. பழைய டிவிடி பிளேயரிலிருந்து படமும் ஒலியும் டிவிக்குள்ளே போகும் வாசல் அது. வெளியே எதுவும் வராது. யுஎஸ்பியும் அப்படித்தான். பென் டிரைவில் இருக்கும் படத்தைப் படிக்கும், கரண்ட் கொடுக்கும். பெரும்பாலான டிவிகளில் அது வழியாக ஸ்பீக்கருக்கு ஒலி போகாது.

மிச்சம் இருப்பது ப்ளூடூத், அந்தச் சதுரத் துளை, ஏஆர்சி.

ஜூன் 10, செவ்வாய்

செலவில்லாத வழியை முதலில் பார்த்துவிடலாம் என்று காரில் கிடந்த ப்ளூடூத் ரிசீவரை ஸ்பீக்கரில் மாட்டி, டிவியோடு ஜோடி சேர்த்தேன். உடனே பேசியது. அப்பா முகத்தில் ஒரு மலர்ச்சி. கொஞ்ச நேரம்தான்.

"என்னடா இது, வாய் முன்னாடி போகுது, பேச்சு பின்னாடி வருது? டப்பிங் படம் மாதிரி இருக்கு."

அவர் பார்த்துக்கொண்டிருந்ததே டப்பிங் சீரியல்தான். இருந்தாலும் அவர் சொன்னது சரி. செய்தி வாசிப்பவருக்கு மாற்றிப் பார்த்தேன், தெளிவாகவே தெரிகிறது. ப்ளூடூத்தில் ஒலியைச் சுருக்கி, அனுப்பி, மறுபுறம் விரித்து வெளியே விட நேரம் பிடிக்கும். எஸ்பிசி என்ற சாதாரணச் சுருக்கு முறையில் 150 முதல் 250 மில்லிசெகண்ட் வரை ஆகும். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998இல் வெளியிட்ட பரிந்துரை ஒன்றில் இதற்கு அளவே சொல்லியிருக்கிறார்கள்: ஒலி 45 மில்லிசெகண்ட் முந்தினாலே பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும், பிந்தினால் 125 வரை தெரியாது. பிந்துவதற்கு ஏன் இந்தச் சலுகை? மின்னலுக்குப் பிறகுதானே இடி. ஒலி தாமதமாக வருவதை மூளை பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகியிருக்கிறது.

டிவி செட்டிங்கில் ஒலியைத் தள்ளிப்போட வழி இருக்கிறது. படத்தைத் தள்ளிப்போட வழியில்லை. பாட்டு மட்டும் கேட்பவருக்கு ப்ளூடூத் போதும். அப்பாவோ இப்போது பாதி வசனத்தை உதட்டைப் பார்த்துத்தான் பிடிக்கிறார் என்று நினைக்கிறேன். அவரிடம் உதட்டையும் ஒலியையும் பிரித்துக் கொடுத்தால் இருப்பதும் போய்விடும். ரிசீவரைக் கழற்றிக் காருக்கே அனுப்பிவிட்டேன்.

ஜூன் 14, சனி

ஆலந்தூரில் மெட்ரோ ஏறி, அரசினர் தோட்டத்தில் இறங்கி, சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிச்சி தெரு. ஆன்லைனில் கிடைக்காததா என்று வீட்டில் கேட்டார்கள். கிடைக்கும். ஆனால் ரிச்சி தெருக் கடைக்காரர் பொருளைக் கையில் கொடுக்கும்போது இரண்டு வார்த்தை சொல்லிக் கொடுப்பார், அதற்காகப் போகலாம். தெருவில் நடக்கவே இடமில்லை. பைக், தள்ளுவண்டி, தலைக்கு மேல் சிசிடிவி விளம்பரங்கள்.

நான் கேட்டது டாக். டிவியின் சதுரத் துளையிலிருந்து வரும் டிஜிட்டல் ஒலியைச் சாதாரண ஸ்பீக்கருக்குப் புரியும்படி மாற்றும் குட்டிப் பெட்டி. தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு பக்கம் ஆப்டிகல், அதாவது ஒளியாக வரும் ஒலிக்கான துளை, மறுபக்கம் சிவப்பும் வெள்ளையுமாக ஆர்சிஏ துளைகள். சிவப்பு வலது, வெள்ளை இடது. ஆப்டிகல் ஒயர், ஆர்சிஏவிலிருந்து 3.5க்கு மாற்றும் ஒயர் எல்லாம் சேர்த்து 800 ரூபாய்க்குள் முடிந்தது.

பில் போட்டுக்கொண்டே கடைக்கார அண்ணன் சொன்னார்: "டிவி செட்டிங்ல பிசிஎம் வைங்க. வைக்காம சத்தம் வரலன்னு திரும்பி வராதீங்க." அப்புறம் ஆப்டிகல் ஒயரின் முனையைக் காட்டி, "இந்த பிளாஸ்டிக் தொப்பியக் கழட்டிட்டு மாட்டணும். தொப்பியோட சொருகிட்டு வர்றவங்க நிறைய."

ஏஆர்சி வழியாக ஒலியை எடுக்கும் பெட்டியும் வைத்திருந்தார். ஏஆர்சி 2009இல் எச்டிஎம்ஐ 1.4 உடன் வந்தது. ஒரே ஒயரில் ஒலி திரும்பி வரும். பெட்டி விலை மூன்று மடங்கு. எங்கள் 20 வாட்டுக்கு அது ஆடம்பரம்.

ஜூன் 15, ஞாயிறு

டிவியை ஸ்டாண்டோடு முன்னால் இழுத்து, சதுர மூடிக்குள் ஒயரைத் தள்ளியதும் 'டக்' என்றது. மறுமுனையை உள்ளங்கைக்கு நேராகப் பிடித்தால் மிளகு அளவுக்கு ஒரு சிவப்புப் புள்ளி விழுகிறது. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதுலயா பாட்டு வருது?" என்று அவரும் கையை நீட்டிப் பார்த்தார். இதுதான் டோஸ்லிங்க். தோஷிபா 1983இல் தங்கள் சிடி பிளேயருக்காகக் கொண்டுவந்தது. ஒளியாகப் போவதால், டிவியின் மின்சார இரைச்சல் இந்த ஒயர் வழியாக ஸ்பீக்கருக்கு வராது.

கடைக்காரர் வாக்கு அப்படியே பலித்தது. செட்டிங்கில் 'ஆட்டோ' என்று இருந்தவரை சில சேனல்களில் சத்தம், சிலவற்றில் ஒன்றுமில்லை. டால்பி என்ற சுருக்கு முறையில் வரும் சேனல்களின் ஒலியை டிவி பிரிக்காமல் அப்படியே மூட்டையாக அனுப்புகிறது. மூட்டையை அவிழ்க்க இந்தச் சின்னப் பெட்டிக்குத் தெரியாது. பிசிஎம், அதாவது சுருக்காத டிஜிட்டல் ஒலி, என்று மாற்றியதும் டிவியே அவிழ்த்துக் கொடுத்தது. எல்லாச் சேனலும் பேசின.

கூடவே இரண்டு உபரிச் சத்தங்கள். ஒன்று மெல்லிய 'கீய்ங்', படம் மாறும்போதெல்லாம் அதுவும் மாறுகிறது. டாக் பெட்டிக்கு டிவியின் யுஎஸ்பியிலிருந்து கரண்ட் கொடுத்திருந்தேன். அந்த வழியாக டிவியின் இரைச்சல் ஏறிவிடுகிறது, ஆப்டிகல் போட்ட புண்ணியமே போயிற்று. பழைய போன் சார்ஜரில் மாட்டினேன், நின்றுவிட்டது.

இன்னொன்று 'ம்ம்ம்' என்று அடித்தொண்டையில். இது எங்கிருந்து என்று பார்க்க எளிய வழி, ஸ்பீக்கருக்கு வரும் பின்னை உருவிவிடுவது. உருவினேன். 'ம்ம்ம்' போகவில்லை. அப்படியானால் டிவியும் இல்லை, ஒயரும் இல்லை; நோய் ஊஃபர் பெட்டிக்குள்.

ஜூன் 18, புதன்

தெருமுனை மெக்கானிக் இப்போது மிக்சியும் இண்டக்‌ஷன் அடுப்பும்தான் பார்க்கிறார். ஊஃபரைக் கண்டதும் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஸ்க்ரூக்களைக் கழற்றி, பின்பலகையைத் தூக்கியவுடன் விரலை வைத்தார்: "இதோ பாருங்க, கண்டென்சர் தலை வீங்கியிருக்கு." தட்டையாக இருக்க வேண்டிய அலுமினியத் தலை லேசாக உப்பி, அடியில் பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை நேர் மின்சாரமாக்கும்போது 100 ஹெர்ட்ஸில் ஒரு அலை மிஞ்சும். அதைச் சமப்படுத்துவதுதான் இதன் வேலை. வயதானால் சமப்படுத்தாது, நம் காதில் 'ம்ம்ம்'.

4700 மைக்ரோஃபாரட், 25 வோல்ட். அதே அளவில் புதுசு போட்டுப் பற்றவைத்தார். பிளக்கைச் சொருகினால் நிசப்தம். இயங்குகிறதா என்று நாங்கள் இருவரும் காதை வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

ஜூன் 19, வியாழன்

புதுப் பஞ்சாயத்து. டிவி ரிமோட்டில் வால்யூம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஆப்டிகலில் பல டிவிகள் ஒலியை ஒரே அளவில்தான் அனுப்பும், கூட்டுவதும் குறைப்பதும் ஸ்பீக்கர் பாடு. விளம்பரம் வந்தால் அலறுகிறது, அப்பா எழுந்து போய்த் திருக வேண்டியிருக்கிறது. எழுபது வயதுக்காரருக்கு இது சரிப்படாது.

செட்டாப் பாக்ஸ் ரிமோட் காப்பாற்றியது. பாக்ஸ் தன் அளவில் ஒலியைக் குறைத்து டிவிக்கு அனுப்புகிறது, டிவி அதை அப்படியே கடத்துகிறது. பாக்ஸிலும் ஒலியைப் பிசிஎம் என்றே வைத்தேன். ஸ்பீக்கர் திருகை ஒரு இடத்தில் நிறுத்திவிட்டு, இனி கூட்டுவதும் குறைப்பதும் அந்த ரிமோட்டில். ஓடிடி பார்ப்பது நான் மட்டும்தான், நான் எழுந்து திருகிக்கொள்கிறேன்.

ஜூன் 21, சனி

சத்தம் வந்துவிட்டது, ஆனால் அப்பா இன்னும் "என்ன சொன்னான்?" என்று கேட்கிறார். இன்றைக்கு முழுவதும் அதோடுதான் போராட்டம். உண்மையில் வேலையே இங்கேதான் இருக்கிறது. இத்தனை நாள் செய்தது ஒயர் மாட்டியது மட்டும்.

ஊஃபரைச் சுவர் மூலையில் வைத்திருந்தேன். மூலையில் வைத்தால் இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து பேஸை, அதாவது அடித்தொனியை, கூட்டிவிடும். சினிமாவுக்கு அது பிரமாதம். பேச்சுக்கு அதுதான் எமன். பேச்சில் உயிரெழுத்துகளின் பலம் பெரும்பாலும் 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே. 'ச', 'ட', 'த' என்று ஒரு சொல்லை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டும் ஓசைகள் 2000க்கு மேலே. வயதில் காது முதலில் இழப்பது மேலே உள்ளதைத்தான். பசியா, படியா, பதியா என்று அப்பா தடுமாறுவது இதனால். சத்தத்தைக் கூட்டினால் அவருக்கு ஏற்கெனவே நன்றாகக் கேட்பதுதான் இன்னும் கூடுகிறது.

ஊஃபரை மூலையிலிருந்து நகர்த்தி, பேஸ் திருகை ஏறக்குறைய அடிமட்டத்துக்கு இறக்கினேன். சின்ன ஸ்பீக்கர் இரண்டையும் டிவி பக்கத்திலிருந்து எடுத்து, அப்பா நாற்காலிக்கு இரு பக்கமும், காது உயரத்தில், ஒரு கை நீட்டினால் தொடும் தூரத்துக்குச் சற்று அப்பால் வைத்தேன். திறந்தவெளியில் தூரம் பாதியானால் ஒலி 6 டெசிபெல் கூடும். அறைக்குள் கொஞ்சம் குறைவாக. முக்கியமாக, சுவரில் பட்டு வரும் எதிரொலியைவிட நேராக வரும் ஒலி மிஞ்சி நிற்கும்.

ஒயரை நீட்டும்போது ஒன்று: சிவப்பும் கறுப்பும் இரண்டு ஸ்பீக்கரிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். ஒன்றில் மாறிவிட்டால் ஒரு ஸ்பீக்கர் தள்ளும்போது மற்றது இழுக்கும்; நடுவில் இருந்து வர வேண்டிய பேச்சுக் குரல் மெலிந்துவிடும்.

மாலை ஹெடிங்லி டெஸ்ட். ரிஷப் பந்த் சதம் அடித்துவிட்டுக் குட்டிக்கரணம் போட்டார். அப்பாவுக்கு அதைவிட ஸ்டம்ப் மைக்தான் சுவாரசியம். மட்டையில் பந்து படும் 'டொக்', தரையில் மட்டை தட்டும் சத்தம், ஆட்டக்காரர்கள் ஓட்டத்துக்குக் கூப்பிடும் குரல் எல்லாம் தனித்தனியாக வருகிறது. "இவ்வளவு நாளா இதெல்லாம் இருந்துச்சா?" என்றார். அம்மா உள்ளேயிருந்து, "டிவி ஓடுதா, நிறுத்திட்டீங்களா?" என்று கேட்டார்.

ஜூன் 28, சனி

சேதி எதிர்வீட்டுக்குப் போய், அங்கே மாமா தன் பழைய ஸ்பீக்கரோடு காத்திருந்தார். அவர்கள் டிவியில் ஹெட்போன் துளை இருக்கிறது. டாக் வேண்டாம், ஆப்டிகல் வேண்டாம். பச்சைப் பின்னை நேராகச் சொருகி, டிவி வால்யூமை முக்கால்வாசிக்கு ஏற்றி, ஸ்பீக்கர் திருகில் அளவை நிறுத்தினால் முடிந்தது. டிவி ரிமோட்டும் வேலை செய்கிறது. உங்கள் டிவியின் முதுகில் ஹெட்போன் படம் போட்ட துளை இருந்தால் மேலே எழுதிய பாதிக் கதை உங்களுக்குத் தேவையில்லை.

எங்கள் வீட்டில் ஒயர்கள் ஹால் நடுவே கிடக்கின்றன. நாளைக்குக் கேசிங் பட்டி வாங்கி ஓரமாக ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் பெருக்கும்போது அம்மா ஸ்பீக்கரோடு சேர்த்து இழுத்துவிடுவார்.