குரோம் 109-இல் காணாமல் போன பட்டன்

மே 12, 2025

காலையிலேயே பெங்களூர் கலாசிபாளையம் லாரி புக்கிங் ஆபீஸிலிருந்து போன். பேசியவர் நாமக்கல்காரர். "ஏனுங்க தம்பி, சனிக்கிழமை வரைக்கும் வந்த பணம் கட்டற பட்டன் இன்னிக்குக் காணோமுங்க, ஏதாவது மாத்துனீங்களா?" என்றார். போன வாரம் முழுக்க நாங்கள் ஒரு வரி கூட மாற்றவில்லை. எங்கள் கோரமங்களா ஆபீஸில் எல்லா மெஷினிலும் பட்டன் ஒழுங்காக வருகிறது. எரர் லாகைத் திறந்தால் "ஸ்கிரிப்ட் எரர்" என்று மட்டும் இருக்கிறது, எந்த ஃபைல், எந்த வரி, எதுவும் இல்லை. பட்டனைக் கொண்டுவரும் ஸ்கிரிப்ட் (பிரவுசரில் ஓடும் நிரல்) எங்களுடையதல்ல, பேமெண்ட் கம்பெனியின் சர்வரிலிருந்து வருகிறது. இப்படி வேறு டொமைனிலிருந்து வரும் ஸ்கிரிப்ட் உடைந்தால் பாதுகாப்புக்காக பிரவுசர் விவரத்தை மறைத்துவிடும், அந்த சர்வர்காரர்கள் ஃபைலோடு அனுமதி ஹெட்டர் (அனுமதிக் குறிப்பு) வைத்தால்தான் முழுதாகத் தெரியும். பேமெண்ட் கம்பெனி அதை வைக்கவில்லை.

மே 13

நேரிலேயே போய்விட்டேன். விண்டோஸ் 7, குரோம் 109. பிரவுசர் பிழைகளைக் காட்டும் கன்சோலைத் திறந்ததுமே சிவப்பில் நின்றது: பேமெண்ட் ஸ்கிரிப்ட் கூப்பிடும் டூசார்ட்டெட் என்ற ஃபங்ஷன் இல்லையாம். மூலப் பட்டியலைத் தொடாமல், வரிசைப்படுத்திய நகலை மட்டும் தருகிற ஃபங்ஷன் அது. குரோமில் அது வந்தது 110-இல். விண்டோஸ் 7-க்குக் கடைசியாக வந்த குரோம் 109, ஜனவரி 2023. ஒரே ஒரு பதிப்பு இடைவெளியில் ஒரு ஆபீஸின் வசூல் நின்றுவிட்டது.

மெஷினை ஏன் மாற்றவில்லை என்று யாரும் சுலபமாகக் கேட்டுவிடலாம். அங்கே கார்பன் வைத்து நாலு நகல் அடிக்கிற டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் இருக்கிறது, லாரி ரசீது அதில்தான் வரும், அதை ஓட்டுகிற பழைய கணக்கு சாஃப்ட்வேர் புது விண்டோஸில் ஏறாது. அவர்கள் வேலைக்கு அந்த மெஷின் சரியாகத்தான் இருக்கிறது.

இப்போதைக்கு பயர்பாக்ஸ் 115 இஎஸ்ஆர் (நீண்ட காலம் ஆதரவு தரப்படும் பதிப்பு) போட்டுக் கொடுத்தேன். விண்டோஸ் 7-இல் ஓடும், டூசார்ட்டெட்டும் பயர்பாக்ஸில் சரியாக 115-இல்தான் வந்தது. பட்டன் வந்துவிட்டது.

மே 14

பேமெண்ட் கம்பெனியின் பதில்: வாடிக்கையாளரை பிரவுசரைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள். புதுப்பிக்க வழியில்லாத பிரவுசரைப் பற்றித்தானே எழுதினேன்! விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே ஆதரவை நிறுத்திவிட்டது, எனக்கும் தெரியும். பழையதைக் கைவிடுவது தவறு என்று நான் சொல்லவில்லை. எந்த நாளில் கைவிடப்போகிறோம் என்று முன்கூட்டிச் சொல்லாமல், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி அதே முகவரியில் ஃபைலை மட்டும் மாற்றிவிட்டுப் போவதுதான் தவறு. பக்கத்தின் மேல் இருப்பது எங்கள் பெயர். போன் வருவதும் எங்களுக்குத்தான்.

மே 15

பாலிஃபில் (பழைய பிரவுசரில் இல்லாத ஃபங்ஷனை ஈடுகட்டும் கோடு) போட்டுவிடலாம் என்று முடிவானது. டீமில் புதிதாக வந்த தங்கச்சி, பொது சிடிஎன் (பல தளங்களுக்கும் ஃபைல்களை வழங்கும் சர்வர் வலை) ஒன்றிலிருந்து ஒரே வரியில் இழுத்துவிடலாமே அண்ணா என்றாள். கூடவே கூடாது என்று சொல்லி, இப்படிப் பாலிஃபில்களை வழங்கிவந்த பாலிஃபில்.ஐஓ சேவையின் கதையை உட்கார்ந்து விளக்கினேன். 2024 பிப்ரவரியில் அந்த டொமைன் கைமாறியது. அந்த சேவையை முதலில் உருவாக்கிய ஆண்ட்ரூ பெட்ஸே, உடனே எடுத்துவிடுங்கள் என்று எச்சரித்தார். ஜூனில் அதே முகவரியிலிருந்து, மொபைலில் வருகிறவர்களைச் சூதாட்ட தளங்களுக்குத் திருப்பிவிடும் கோடு வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் அந்த ஸ்கிரிப்ட் இருந்தது. பழைய பிரவுசர் வைத்திருப்பவருக்கு உதவ நினைத்த தளங்கள்தான் மாட்டிக்கொண்டன.

கோர்-ஜேஎஸ் என்ற பாலிஃபில் தொகுப்பிலிருந்து தேவையான பகுதியை மட்டும் எடுத்து எங்கள் சர்வரிலேயே வைத்து, பேமெண்ட் ஸ்கிரிப்ட்டுக்கு முன்னால் ஏற்றுகிறோம். குரோம் 109-இலும் பட்டன் வருகிறது.

மே 19

பேமெண்ட் கம்பெனியிடம் பதிப்பு எண் போட்ட முகவரி கேட்டேன், கிடையாது என்கிறார்கள். ஃபைல் மாறாமல் இருந்தால்தான் இன்டெக்ரிட்டி ஹேஷ் (ஃபைலின் கைரேகை போன்ற குறியீடு, பொருந்தாவிட்டால் பிரவுசர் ஃபைலை ஏற்றாது) வைத்துப் பூட்ட முடியும். இவர்கள் நினைத்தபோது மாற்றுவார்கள், ஹேஷ் வைத்தால் அடுத்த மாற்றத்தில் எல்லோருக்குமே பட்டன் போய்விடும். அதனால் தினமும் காலை 6 மணிக்கு குரோம் 109-இல் பக்கத்தைத் திறந்து, பட்டன் இருக்கிறதா என்று பார்க்கும் டெஸ்ட் ஒன்று எழுதியாயிற்று. அவர்களோடு ஒப்பந்தம் ஆகஸ்ட்டில் முடிகிறது. பதிப்பு எண்ணோடு ஸ்கிரிப்ட் தருகிற இன்னொரு கம்பெனியிடம் இன்று பேசத் தொடங்கிவிட்டோம்.